ஆரையிலையும் அணுக்கருவும்

விழா மலருக்குத் தமிழாசிரியன் இலக்கியம் பற்றி எழுதுதலே மரபு. யானோ அணுக்கருவைப் பற்றி எழுதப் புகுந்தேன். ஹட்டனுக்கு அண்மையில் யான் கற்பிக்கும் பாடசாலையின் உயர்தர மாணவன் ஒருவன், "காமாக் கதிரின் முனைவாக்கத்தைத் தமிழில் விளங்கச் சொல்ல இயலுமா, ஐயா?" என வினவியமையே காரணம். படிப்பை நிறுத்திக் கொழும்புக் கடையொன்றிற் சேர்க்க வீட்டார் எண்ணியிருந்த பிள்ளை அவன். பௌதிகவியல் ஆசிரியரை நாடியும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றை அவனுக்குரைத்தேன், ஈண்டும் உரைக்கின்றேன்.

மூடுபனியில் மறைந்த மலைபோலக் கருவும் கண்ணுக்குப் புலனாகாது. கிளர்ச்சியுற்ற கரு அமைதியடையுங்கால் காமாக் கதிரை உமிழும். அதுவே நமக்குத் தூது. கொடிக்கயிற்றை மேலுங் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். அவ்வாறே கதிரின் மின்புலம் ஒரு தளத்தில் மிகுதியாக அசைதலே முனைவாக்கம் எனப்படும்.

அதனை அளக்கும் 'குளோவர்' கருவியில் நான்கு ஜேர்மானியப் பளிங்குகள், வயலோரத்து ஆரைக்கீரையின் நான்கு இலைகள்போல நெருங்கியிருக்கும். ஒரு பளிங்கிற் பட்ட கதிர், 1923இல் கொம்ப்டன் விளக்கியவாறு சிதறி, அயற் பளிங்கிற் புகும். தன் மின்புலத்துக்குச் செங்குத்தான திசையிலேயே அது பெரிதும் சிதறும். எப்பக்கம் மிகுதியாகச் சிதறின என எண்ணிக் கணித்தால், கதிர் மின்வகையினதா காந்தவகையினதா எனத் தெளியலாம்.

இத்தெளிவின் பயன் பெரிது. ஏறக்குறைய உருண்டையான ஈயக் கருக்கள் சிலவற்றில், சுழலுங் கரு தருவதுபோன்ற ஒழுங்கான கதிர்வரிசை 1990களில் ஆராயப்பட்டது. உருண்டையான கருவில் அத்தகைய சுழற்சி தோன்றுதல் குவாண்டக் கொள்கைப்படி இயலாது. அக்கதிர்கள் காந்தவகையின எனத் துணிதற்கு முனைவாக்க அளவீடும் உதவிற்று. புரோத்தன்களின் கோண உந்தமும் நியூத்திரன்களின் கோண உந்தமும் கத்தரிக்கோலின் அலகுகள்போல மெல்ல நெருங்குதலே காரணம் எனப் பிரவுண்டோர்வ் என்னும் அறிஞர் விளக்கினார்.

விலைமிக்க இக்கருவிகளை இந்திய அறிஞர் பேணும் முறை நம் சிந்தனைக்குரியது. 24 குளோவர்கள் வரை கொள்ளும் 'இந்திய தேசியக் காமா அணி' மும்பை, தில்லி, கொல்கத்தா ஆர்முடுக்கி நிலையங்களில் மாறிமாறி நிறுவப்பட்டு வந்துள்ளது. பல்கலைக்கழகங்களின் மாணவரும் அங்குச் சென்று ஆய்கின்றனர்.

மலையகப் பாடசாலைகள் பலவற்றுக்குத் தனித்தனி ஆய்கூடம் அமைத்தல் எளிதன்று. எனினும் நல்ல கருவித் தொகுதி ஒன்றைப் பல பாடசாலைகள் முறைவைத்துப் பயன்படுத்தல் கூடாதா? தமிழிற் சொல்லுக்குக் குறைவில்லை. தொட்டுப் பயிலக் கருவியே வேண்டும். பழைய மாணவர்காள், விழாவின் நினைவாக அத்தொகுதியை நீங்கள் அளிப்பீர்களாயின், நம் கல்லூரியின் புகழ் தோட்டந்தோறும் நிலைக்கும்.