தகரத்துக்கு அடியில் தட்டி

சித்திரை மாதம், மதியம் ஒரு மணிக்குக் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபில் தகரக் கூரை போட்ட லைன் வீட்டுக்குள் நின்றால் உச்சந்தலை சுடும். வெளியே வேப்ப மரத்தடியில் அவ்வளவு வெக்கை இல்லை. கோலார் தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், காற்றுக்குக் குறைச்சல் கிடையாது. வீட்டுக்குள்தான் வேகிறது. தகரத்துக்கு அடியில் மூங்கில் தட்டி கட்டி இந்த வேக்காட்டைக் குறைத்துத் தருகிற பெரியவர் ஒருவர் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளைப்பாதை ரயிலில் வந்திறங்கினேன்.

எழுபதைத் தாண்டியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் தட்டித் தாத்தா. அவருடைய நைனா கம்பெனிக் கான்ட்ராக்டருக்குத் தட்டி பின்னியவர். ‘கம்பெனி’ என்றால் இங்கே சுரங்கம். அது அரசாங்கத்தின் கைக்குப் போய், பிறகு மூடியும் போயிற்று. பேர் மட்டும் மாறவில்லை.

நான் போனபோது வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். முனையில் கத்தியை வைத்துக் கட்டையால் இரண்டு தட்டு. வாய் பிளந்ததும் கத்தியைக் கொஞ்சம் திருகினால், கணுவுக்குக் கணு சடசடவென்று பிளவு ஓடுகிறது. ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகிறது. சில சமயம் பிளவு நடுவில் ஓடாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்படியே விட்டால் அந்தப் பக்கத்துச் சிம்பு மெலிந்துகொண்டே போய் அறுந்துவிடும். அப்போது அவர் கத்தியைத் தொடுவதில்லை. தடித்த பக்கத்தைக் காலால் அமுக்கி வளைக்கிறார். பிளவு அந்தப் பக்கமாகத் திரும்பி மறுபடி நடுவுக்கு வந்துவிடுகிறது. “கனமா இருக்கறதத்தான் வளைக்கணும் சார். மெல்லிசா இருக்கறத வளைச்சா அறுந்து பூடும்” என்றார், தலை நிமிராமல்.

பிளந்ததிலிருந்து உட்பக்கத்துச் சோற்றை உரித்து எறிகிறார். வண்டு முதலில் தின்பது அதைத்தான். வெட்டிய மூங்கிலை முன்பே சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டிருக்க வேண்டும். மாவுச்சத்து கரைந்து போனால் வண்டுக்கு அதில் வேலை இல்லை. மிச்சமிருக்கும் தோல் சிம்பைத் தரையில் பரப்பி, இரண்டு மேலே, இரண்டு கீழே என்று கோத்துக்கொண்டே போகிறார். பின்னி முடித்த பகுதியின் மேலேயே குந்திக்கொண்டு, தட்டி நீள நீளத் தானும் நகர்கிறார். கட்டுகிற கோலுக்குக் கல் மூங்கில், பின்னலுக்கு உள்ளே கூடுள்ள முள் மூங்கில். சுவருக்குப் பின்னுகிற தட்டிக்கு ஒரு விதி உண்டு. மண் பூசுகிற பக்கம் தோல் வரக்கூடாது. தோலின் வழுவழுப்பில் மண் நிற்காது, முதல் கோடையிலேயே அப்பளமாகப் பெயர்ந்து விழும்.

அப்படி மண் பூசிய தட்டிச் சுவர்களில்தான் இந்த ஊர் ஒரு காலத்தில் வாழ்ந்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே சுரங்கங்களை நடத்தத் தொடங்கியதும் வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், பெரும்பாலோர் தமிழர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம் இது. அத்தனை பேருக்கும் சீக்கிரமாக, மலிவாகக் கூரை வேண்டும். மூங்கில் தட்டியை நிறுத்தி, மேலே ஓடோ தகரமோ போட்டு, வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழும்பின. குடும்பத்துக்கு ஓர் அறை. அதற்கு ‘ரூமு’ என்றே பேர்.

காற்றோட்டம் பற்றிக் கம்பெனிக்குத் தெரியாமலில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றைக் கீழே தள்ள ஆலையே வைத்தார்கள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்ததும் இந்தச் சுரங்கத்துக்காகத்தான். மேலே, துரைமார் பங்களாக்களில் உயர்ந்த கூரை, சுற்றிலும் தாழ்வாரம், சன்னலுக்கு மேல் மரச் சட்டத்தால் மறைப்பு. வெப்பத்தைப் பற்றி யோசிக்கத் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய யோசனை லைன் வீட்டு வாசல்வரை வரவில்லை, அவ்வளவுதான்.

லைன் வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக ஆக்கியவர்கள் அதில் குடியிருந்தவர்கள். தட்டித் தாத்தாவும், பக்கத்து லைனிலிருந்து வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்ட ஒரு பாட்டியும் மாறி மாறிச் சொன்னதை இங்கே கோத்துத் தருகிறேன். தட்டியின் கால் தரையில் பட்டால் கரையான் ஏறும். கோலார் ஜில்லா முழுக்கக் கருங்கல் பலகை கிடைக்கும். முழ உயரப் பலகையை முதலில் நட்டு, அதற்கு மேல் தட்டியை நிறுத்துவார்கள். செம்மண்ணில் சாணியும் பொடியாக வெட்டிய கேழ்வரகு வைக்கோலும் போட்டு மிதித்து, ஒரு ராத்திரி புளிக்க வைத்துப் பூசுவது பெண்கள் வேலை. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு. கூரையை ஒட்டி மேலே ஒரு சாண் அளவுக்கு மண் பூசாமல் வெறும் தட்டியாகவே விட்டுவிடுவார்கள். சூடேறிய காற்றும் அடுப்புப் புகையும் அந்த வழியாக வெளியேறும்.

புகை வேறொரு வேலையும் செய்தது. கூரை மூங்கிலில் கரி படியப் படிய வண்டு அண்டவில்லை. “கேஸ் அடுப்பு வந்துச்சு, வண்டும் வந்துச்சு” என்றார் பாட்டி. நான் படித்த கட்டடக்கலைப் புத்தகங்களில் இவ்வளவு சுருக்கமான வரி இல்லை. ஆனால் அந்தப் புகையில் கண் எரிந்து, இருமி, சமைத்தவரும் அவரே. விறகடுப்புக்குத் திரும்பலாமா என்று விளையாட்டாகக் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஷிப்ட் கணக்கு இன்னொரு தொல்லை. மூன்று ஷிப்டில் ஓடுகிற ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பகலில் தூங்கியாக வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் வெயில் உச்சியில் இருக்கும்போது ஓர் அறைக்குள் படுத்திருப்பார். ஓட்டுக் கூரையும் மண் பூசிய தட்டியும் இருந்த வீட்டில் அது முடிந்தது, தகர வீட்டில் முடியவில்லை என்கிறார் பாட்டி. அதே சமயம் தட்டிச் சுவர் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து ரூமில் குழந்தை அழுதால் இங்கே தூக்கம் போகும். “எங்க வூட்டுக்காரர் தூங்கறப்ப மூணு ரூமுக்கும் சேத்து நான்தான் வாய மூடிக்கிணு கெடக்கணும்” என்றார். புருஷன் பெண்டாட்டி பேச்சு, சண்டை, எல்லாம் லைனுக்கே கேட்கும்.

எனக்குப் புதிதாக இருந்தது பாறை வெடிப்பு பற்றிய பேச்சு. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும்போது மேலே பூமி அதிரும். கட்டடங்கள் விரிசல் விட்டதுண்டு. இந்த அதிர்வுகளை ஆராய்ந்த அனுபவத்தின் மேல்தான் 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே அமைந்தது. அலமாரித் தட்டில் சொம்பு, தம்ளர் உருண்டு விழுந்ததை இருவரும் நினைவு வைத்திருக்கிறார்கள். கல் சுவர் பிளக்கும். தட்டி ஆடிவிட்டு நிற்கும், மண்பூச்சு மட்டும் கொஞ்சம் உதிரும், மறுநாள் பூசிக்கொள்ளலாம். வீட்டில் பாத்திரம் உருண்ட நேரத்தில் கீழே யார் இருந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய கவலை. சுவரைப் பற்றி அன்றைக்கு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

தட்டி வீடுதான் இந்தத் தட்பவெப்பத்துக்கு உகந்த வீடு என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. சுரங்க எல்லையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் வருகிற கோலார்க் கிராமங்களில் பழைய வீடுகளுக்குக் கனத்த மண் சுவர், சிறிய சன்னல், கல் பலகை பாவிய கூரை. பகலும் இரவும் நன்றாக வேறுபடுகிற மேட்டு நிலத்துக்கு அதுதான் சரி. பகல் சூட்டைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவுக் குளிரில் விட்டுவிடும். மெல்லிய தட்டிச் சுவருக்குச் சொந்த மண் வேறு.

அந்த மண்ணை மலேசியாவில் பார்த்திருக்கிறேன். நெகிரி செம்பிலானில் ஒரு பழைய மலாய் வீட்டில், தரையில் உட்கார்ந்தபோது சன்னல் என் இடுப்பளவிலிருந்து தொடங்கியது. தரையில் உட்காருகிறவர்கள் மேல் காற்று படவேண்டும் என்பதற்காகவே சன்னலை அவ்வளவு தாழ்த்தியிருக்கிறார்கள். தூண்கள் கல்லின் மேல் நிற்கின்றன, வீடு தரைக்கு மேலே தூக்கி நிற்கிறது, வெள்ளமும் ஈரமும் அடியிலேயே போகின்றன. செங்குத்தான கூரை, இறங்கி வந்த இறவாணம், முக்கோணச் சுவரில் காற்றுப் போகத் துளையிட்ட பலகை. அங்கே இரவுக்கும் பகலுக்கும் வெப்பம் பெரிதாக மாறாது என்பதால் சூட்டைச் சேர்த்துவைக்கிற கனத்த சுவரால் பயனில்லை. பலகையும் மூங்கில் பின்னலும்தான் சரி. குடும்பம் பெருகினால் வீட்டோடு இன்னொரு பகுதியை ஒட்டிக்கொள்ளலாம். பிரித்து வேறிடத்தில் நிறுத்தவும் செய்வார்கள். லிம் ஜீ யுவான் 1987இல் எழுதிய ‘தி மலாய் ஹவுஸ்’ இதையெல்லாம் படம் போட்டு விளக்குகிறது. நிப்பாப் பனையோலைக் கூரை போய்த் தகரம் வந்ததும் அங்கேயும் வீட்டுக்குள் சூடேறிய கதையும் உண்டு.

தங்கவயலுக்கு ஆள் போன அதே தமிழ் ஜில்லாக்களிலிருந்துதான் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் போனது. மலாய்க் கிராமங்கள் பக்கத்திலேயே இருந்தன. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது இங்கே கிடைத்த அதே லைன். யார் எப்போது உள்ளே போகிறார், வெளியே வருகிறார் என்பதைக் கங்காணி ஒரு முனையில் நின்றே பார்த்துவிடலாம். வரிசையாகக் கட்டுவதில் காற்றுக்கு எந்தச் சௌகரியமும் இல்லை. மலாய் வீட்டைக் கட்டியவன் தென்னை நிழலையும் காற்று வருகிற திசையையும் பார்த்து வாசல் வைத்தான். லைன் வீட்டுக்காரனுக்கு வாசல் எந்தப் பக்கம் என்பதை வேறு யாரோ ஏற்கனவே கோடு போட்டுவிட்டிருந்தார்கள். அவன் கைக்கு மிஞ்சியது மண்பூச்சும், மேலே விட்ட ஒரு சாண் இடைவெளியும், வாசலில் இறக்கிய சார்ப்பும்தான்.

தங்கவயல் காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. அரைத்துத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கல்மாவு, சயனைட் மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல். சினிமாக்காரர்களுக்கு அது நல்ல பாலைவனம். ஆடிக் காற்று அடித்தால் அந்த மாவு கிளம்பி வீட்டுக்குள் வரும், தண்ணீர்க் குடத்தில் படியும், சோற்றில் நெறுநெறுக்கும். மேட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் பாட்டியின் மாமியார் மேலே விட்ட இடைவெளியையும் சேர்த்தே மண் பூசி அடைப்பாராம். மற்ற மாதங்களுக்குக் காற்று வேண்டும், ஆடிக்கு மட்டும் காற்று வேண்டாம். ஆடி கழிந்ததும் பூச்சைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். மண் என்பதால் முடிந்தது.

சுரங்கத்தை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1962இல் மத்திய அரசிடம் போனது, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது, 2001 பிப்ரவரி 28இல் மூடியது. தட்டி வீடுகள் அதற்கு முன்பே படிப்படியாகக் குறைந்து, செங்கல், கல், சிமென்ட் சுவர்கள் வந்துவிட்டன. மூடிய பிறகு கூரைகளைப் பார்க்க யாருமில்லை. உடைந்த ஓட்டை மாற்ற ஓடு கிடைக்கவில்லை, ஓடு மாற்றத் தெரிந்த கையும் குறைந்தது. மேலே தகரம் ஏறியது. வேலை தேடி விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறவர்களுக்குத் தகரம் ஒரு நாள் லீவில் முடிகிற வேலை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தாத்தாவின் இப்போதைய வேலை அந்தத் தகரத்தோடுதான். மறுநாள் அவரோடு ஒரு லைன் வீட்டுக்குப் போனேன். தகரத்தைத் தாங்குகிற கட்டைகளுக்குக் கீழே, ஒரு சாண் இறக்கி, தட்டியைத் தொங்கவிட்டுக் கட்டுகிறார். காய்ந்த தகரம் கீழ்நோக்கி வீசுகிற சூட்டைத் தட்டி வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற காற்று சூடாகும். அது வெளியேற இரண்டு முனையிலும் வழி விடாவிட்டால் செய்த வேலை வீண் என்பதால், சுவர் உச்சியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். எலியும் அணிலும் வராமல் அந்தத் துளைகளுக்குக் கம்பி வலை. இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பலகையில் பளபளவென்று சீலிங் போட ஆட்கள் வருகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, துளை விடுவதில்லை. தாத்தாவின் கூலியைக் கேட்டேன். ஒரு கொத்தனார் வாங்குவதில் பாதிகூட இல்லை. நல்ல ஆர்டர் பெங்களூர் ஓட்டல்காரர்களிடமிருந்து வருகிறது, அலங்காரத்துக்கு. அந்தத் தட்டிகளுக்கு மேலே கான்கிரீட்டும் ஏசியும் இருக்கும்.

வேலை பாதி ஆகும்போது வீட்டுக்கார அம்மா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். தாத்தா கட்டையில் ஆணி அடிக்கப் போனார்.

“ஆணி வேணாம் தாத்தா, கம்பியிலயே கட்டு.”

“ஆணின்னா நல்லா நிக்கும்மா.”

“நிக்கட்டும். வூடு இன்னும் எங்க பேருக்கு எழுதித் தரல. நாளைக்குக் காலி பண்ணுன்னு சொன்னா அவுத்துச் சுருட்டிக்கிணு போற மாதிரி கட்டிக் குடு.”

தாத்தா ஆணியை டப்பாவில் போட்டுவிட்டுக் கம்பியை வெட்டத் தொடங்கினார்.