பனி கொட்டும் மொன்றியலில்

முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற பின்னர், மகள் விடாமல் கூப்பிட்டதால் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து சேர்ந்தேன். வெளிக்கிடும்போது ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்கை சரியான குளிர் ரீச்சர், தாங்கமாட்டியள்."

அவர்கள் சொன்னது பொய்யல்ல. தை மாதத்தில் இங்கு வெப்பநிலை சராசரியாகப் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை அளவில் நிற்கும். சில இரவுகளில் இருபதுக்கும் கீழே இறங்கும். ஒரு குளிர்காலத்தில் கொட்டும் பனியைச் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 2 மீற்றர் உயரம் வரும். மார்கழியில் பின்னேரம் நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். முதல் வருடம் நான் யன்னலோடு இருந்தே காலத்தைக் கழித்தேன். விழுந்து கால் முறிந்தால் மகளுக்குப் பாரமாகிவிடுவேனே என்ற பயம்.

அந்த வருடம் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு நாள் முழுக்கப் பனி கொட்டி ஓய்ந்த இரவு. திடீரென்று வீதியில் சைரன் ஊதியது. நித்திரையால் எழும்பிய எனக்கு எந்த நாடு, எந்த வருடம் என்று தெரியவில்லை. போர்வையையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். சத்தம் கேட்டு மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, பயப்பிடாதையுங்கோ. அது றோட்டிலை நிக்கிற காருகளை எடுக்கச் சொல்லிற சத்தம். பனி அள்ள வருகினம்."

சகோதரிகளே, எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழை இரவில், மகளைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவள் நான். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் பங்கருக்குள் இருந்திருப்பேன்! உடம்பு அதை மறக்கவில்லை.

அடுத்த முறை சைரன் கேட்டபோது மகள் என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் நிறுத்தியிருந்த கார்களை இழுக்கும் வண்டி வந்தது. பிறகு நடைபாதையில் சிறிய உழவு இயந்திரம் போல ஒன்று பனியை வழித்துக்கொண்டு போனது. அதன் பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று பனியை உறிஞ்சி, பக்கத்தில் ஊர்ந்துவந்த லொறிக்குள் பீய்ச்சி அடித்தது. லொறி நிறைய, அடுத்த லொறி வந்தது. எங்கள் ஊரில் தேருக்குப் பின்னால் சனம் போவதுபோல இருந்தது. அப்படி அள்ளும் பனியில் ஒரு பகுதியை நகருக்குள்ளேயே இருக்கும் பழைய கல் அகழ்ந்த குழி ஒன்றில் கொட்டுகிறார்கள். கோடை பிறந்த பின்னும் அங்கே பனிமேடு கரையாமல் கிடக்கும். சத்தத்துக்குக் காரணம் தெரிந்ததும் என் பயத்தில் பாதி போய்விட்டது.

மற்றப் பாதியைப் போக்கியவர் கீழ்வீட்டு அம்மா. கிரேக்க நாட்டில் இருந்து இளம் பெண்ணாக இங்கு வந்தவர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. என் சப்பாத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அடியில் மாட்டும் இரும்பு முள்ளுப்பட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தடித்த கோட் ஒன்றைவிட மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, மேலே காற்றுப் புகாத கோட் போடுவதே நல்லது என்று கையாலேயே காட்டினார். பிறகு என் கையைப் பிடித்து நடத்தினார். பாதத்தைத் தட்டையாக வைத்து, சின்னச் சின்ன அடியாக, தாரா நடப்பதுபோல நடக்கவேண்டும். "டூஸ்மோன், டூஸ்மோன்" என்றார். மெதுவாக என்று அர்த்தமாம். நான் படித்த முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான்.

இப்போது இது என் மூன்றாவது குளிர்காலம். காலையில் பிளேன்ரீ குடித்துவிட்டு நான் தனியே வெளிக்கிடுவேன். 2023 யூலை முதல் மொன்றியலில் வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பஸ்ஸும் மெற்றோவும் இலவசம். 1966இல் தொடங்கிய இந்த மெற்றோ ரயில் முழுக்க நிலத்துக்கு அடியில், இறப்பர் சக்கரத்தில் ஓடுகிறது. நகரின் நடுவில் நிலையங்களையும் கடைகளையும் அலுவலகங்களையும் இணைக்கும் நிலக்கீழ் நடைபாதைகள் 30 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானவை. வெளியே பனிப்புயல் அடித்தாலும் உள்ளே சுவற்றரோடு நடக்கலாம். என்னைப்போன்ற முதியவர்கள் பலர் அங்கே உட்கார்ந்து சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெயில் உள்ள நாளில் மொன்ட் ரோயல் மலைக்குப் போவேன். மலை என்றாலும் உயரம் 233 மீற்றர்தான். இலை உதிர்ந்த மரங்களில் பனி படிந்து நிற்க, அணில்கள் ஓடித்திரியும். இங்கத்தைய அணிலுக்கு முதுகில் மூன்று கோடு இல்லை. 1938இல் வெட்டப்பட்ட செயற்கை ஏரிக்குப் பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூட இடைவேளைச் சத்தம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

மலையின் மறுபக்கத்தில் புனித சூசையப்பர் ஆலயம் இருக்கிறது. அந்தப் பகுதியின் பெயருக்கே பனிச்சரிவு என்றுதான் அர்த்தம். நான் சைவக்காரி. ஆனாலும் போவேன். 2010இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அருட்சகோதரர் அந்திரே, ஒரு பாடசாலையில் வாயில் காப்பவராக இருந்தவர். சுகம் தேடி அவரிடம் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் மெழுகுதிரி மண்டபத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. முதன்முதலில் அவற்றைக் கண்டபோது என் கால் நகரவில்லை. எங்கள் ஊரில் ஊன்றுகோலைத் தொங்கவிட முடியாத எத்தனை பெண்கள்! செயற்கைக் காலோடு கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் போய்வரும் என் பழைய மாணவிகள் சிலரை நினைத்து ஒரு திரி ஏற்றினேன். இப்போதும் ஒவ்வொரு முறையும் ஏற்றுகிறேன்.

தனிமை இல்லை என்று சொல்லமாட்டேன். நாலு மணிக்கு இருட்டும்போது முற்றமும் வேம்பும் நினைவுக்கு வந்து தொண்டை அடைக்கும். ஆனால் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த முதல் வருடத்தில்தான் தனிமை கூடுதலாக இருந்தது.

உங்களுக்கும் இன்னும் சில சத்தங்கள் நெஞ்சை அடைக்கக்கூடும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அது என்ன சத்தம் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவசரம் வேண்டாம், சின்ன அடியாக வைத்தால் போதும்.

போன கிழமை இரவு மறுபடி சைரன் ஊதியது. நெஞ்சு ஒருதரம் துள்ளியது. எழும்பி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். லொறிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பேரனும் எழும்பி வந்து என் பக்கத்தில் நின்றான். இருவருமாக எண்ணினோம். பதினொரு லொறி.