செவர்லேயும் ஒரு வயித்துவலியும்

நீளமான த்ரெட். டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டுப் படிங்க. பழைய கார்ல ஆரம்பிச்சு வயித்துவலியில போய் நிக்கும். சம்பந்தப்பட்டவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் காட்டுற விஷயங்களை மாத்தியிருக்கேன்.

எனக்குப் பழைய கார்னா உயிர். ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவங்களுக்கு ஜானவாச கார் ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, மாலை போட்டு, கூரை இல்லாத ஒரு பெரிய அமெரிக்கக் கார்ல உக்கார வச்சு ஊர்வலம் கூட்டிட்டு வருவாங்க. முன்னாடி நாதஸ்வரம், ரெண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ். தெருப் பசங்க நாங்க அத்தனை பேரும் பின் சீட்டுல ஏறிக்குவோம். மாப்பிள்ளை யாருன்னே தெரியாது. எங்களுக்குக் கார்தான் முக்கியம்.

அந்தக் கார்கள்ல பலது பிறக்கும்போது ஓபன் கார் இல்லைங்கிறது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. செவர்லே, பிளைமவுத், டாட்ஜ்னு கூரையோட வந்த வண்டிகள். வயசாகி யாரும் சீண்டாம கிடந்தப்ப, நம்ம ஊர் டிங்கர்கள் கூரையை அறுத்து ஜானவாசத்துக்கு விட்டாங்க. பெட்ரோல் செலவு கட்டாதுன்னு பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏத்தினதும் உண்டு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா டிராக்டர் சத்தம். கண்ணைத் திறந்தா மகாராஜா வண்டி.

அமெரிக்காவுல இதே காலத்துல இதுக்கு நேர் எதிரா ஒன்னு நடந்துச்சு. 1932ல ஃபோர்டு கம்பெனி சாதாரண ஆள் வாங்குற விலையில வி8 எஞ்சின் கார் விட்டாங்க, 65 குதிரைசக்தி. கலிஃபோர்னியா பசங்க அந்த மாதிரிப் பழைய ஃபோர்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, மட்கார்டைக் கழட்டி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, எஞ்சினை முறுக்கேத்தி, வறண்ட ஏரிப் படுகையில ரேஸ் விட்டாங்க. ஹாட் ராட்னு பேர். அவன் வேகத்துக்காக அறுத்தான், நாம கல்யாணத்துக்காக அறுத்தோம். இன்னைக்கு அந்த மாதிரி வண்டிகளை ஆர்டர் கொடுத்துச் செய்ய வச்சு வாங்குற பணக்காரக் கலெக்டர்கள் அங்க ஏராளம்.

கூரையை அறுத்துத் திரும்ப ஒட்டினா தையல் தெரியும் இல்லையா? அதை மறைக்க அவங்க பயன்படுத்தினது ஈயம். பிளாஸ்டிக் பட்டி வர்றதுக்கு முந்தின காலம் அது. கம்பெனியிலேயே பாடி ஜாயின்ட்டை ஈயம் வச்சுத்தான் நிரப்புவாங்க. ஈயத்தால இழைச்ச அந்த வண்டிகளுக்கு 'லெட் ஸ்லெட்'னே ஒரு செல்லப்பேர் உண்டு. ஈயச் சறுக்குவண்டின்னு சொல்லலாம்.

இந்த ஈயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப பாலக்கரைக்கு வாங்க. பிரபாத் தியேட்டர் ரவுண்டானாவுல இருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சந்துல ஷெட். அந்த டிங்கர் அண்ணனுக்கு அம்பத்தெட்டு வயசு. பதினாலு வயசுல தொழிலுக்கு வந்தவர். அவரோட குருநாதர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல கை பழகினவராம். குருவும் சிஷ்யனும் சேர்ந்து எத்தனையோ வண்டிக்குக் கூரை அறுத்திருக்காங்க.

காலம் எப்படித் திரும்புது பாருங்க. இப்ப அவர்கிட்ட வர்ற வேலை, அறுத்த கூரையைத் திரும்ப வைக்கிறது.

காரணம் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. அம்பது வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படின்னா 'விண்டேஜ்' அந்தஸ்து, நம்பர் பிளேட்டுல 'விஏ'ங்கிற எழுத்து. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினமும் ஆபீஸ் போக முடியாது. ஆக, டீசல் எஞ்சின் ஏத்தின ஜானவாச காருக்கு அங்க இடம் இல்ல. ஹாட் ராடுக்கும் இல்ல. கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படியே வேணும்னு கலெக்டர்கள் கேக்குறாங்க.

அண்ணன் ஷெட்டுக்கு வந்தது 1948 செவர்லே ஃப்ளீட்மாஸ்டர். ஆறு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்ல 1928ல இருந்து வண்டி அசெம்பிள் பண்ணி வித்தாங்க, 1954ல மூட்டை கட்டினாங்க. இது அந்தக் காலத்து வண்டி. கூரை இல்ல. இன்னொரு செத்த வண்டியில இருந்து கூரையை வெட்டி எடுத்து வச்சு வெல்டிங் அடிச்சாச்சு. தையலை நிரப்ப, ஓனர் கண்டிப்பா சொல்லிட்டார்: "பட்டி பாக்காதீங்க. ஒரிஜினல் மாதிரி ஈயம்தான்."

அண்ணன் முதல்ல என்கிட்ட வந்தது வயித்துவலின்னு. டிங்கர்னு சீட்டுல நான்தான் எழுதினேன். என்ன வண்டி ஓடுதுன்னு கேட்டேன். செவர்லேன்னதும் பத்து நிமிஷம் அதைப் பத்தியே பேசினோம். வெளியில ஆள் காத்திருக்காங்கன்னு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாங்க. கேஸ் மாத்திரை எழுதி அனுப்பினேன்.

மூணு வாரம் கழிச்சு மறுபடி வந்தார். தொப்புளைச் சுத்திப் பிடிச்சு இழுக்குது, நாலு நாளா வெளிக்கிப் போகல. ஸ்கேன் எடுத்தோம், ஒன்னும் இல்ல. பேதிக்கு மருந்து கொடுத்தேன்.

மூணாவது தடவை அக்காவையும் கூட்டிட்டு வந்தார். ஹீமோகுளோபின் 9. பிரஷர் ஏறியிருக்கு. வேற ஒரு இடத்துல எண்டோஸ்கோப்பி பார்த்து நார்மல்னு சொல்லிட்டாங்க. "ராத்திரி தூக்கமே இல்ல தம்பி. எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாரு"ன்னு அக்கா சொன்னாங்க. அண்ணன் மெதுவா, "ஸ்பேனர் கையில நிக்க மாட்டேங்குது டாக்டரே, நழுவுது"ன்னார். வயசாகுதுல்லண்ணேன்னு சொல்லிட்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதினேன்.

அந்த "வயசாகுதுல்லண்ணே" இப்பவும் எனக்கு உறுத்துது. வயித்துவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, பிரஷர், எரிச்சல், மணிக்கட்டு பலவீனம். எம்.பி.பி.எஸ் பரீட்சையில இந்த லிஸ்ட்டைக் கொடுத்தா கடைசி பெஞ்சு மாணவன்கூட பதில் எழுதிடுவான். மூணு தடவையும் நான் கோட்டை விட்டேன்.

கண்டுபிடிச்சது டாக்டர் இல்ல, என் கார் பைத்தியம்தான். ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியோட நின்னு போட்டோ எடுக்கலாம்னு ஷெட்டுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போனா, கூரைத் தையல் மேல கிரைண்டர் ஓடுது. பல்பு வெளிச்சத்துல சாம்பல் நிறத் தூசி மிதக்குது. அண்ணன் மூஞ்சில ஒரு துண்டு. என்னைப் பார்த்ததும் கிரைண்டரை நிறுத்திட்டு, அதே கையால டீ கிளாஸை எடுத்து நீட்டினார். பக்கத்துல திறந்த டிபன் பாக்ஸ்.

அங்கேயே நின்னுட்டேன். போட்டோ எடுக்கல.

"எத்தனை நாளாண்ணே ஈயம் வைக்கிறீங்க?"

"நாப்பது வருஷமா கை பழகின வேலைதான டாக்டரே. அப்ப ஒன்னும் பண்ணாதது இப்பவா பண்ணப் போவுது?"

நியாயமான கேள்வி. பதில் கருவியில இருக்கு. பாடிக்கு வைக்கிற ஈயம் முழுக்க ஈயம் இல்ல. கிட்டத்தட்ட 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம். 183 டிகிரியில இளக ஆரம்பிச்சு, 250 தாண்டினாத்தான் தண்ணியா ஓடும். நடுவுல வெண்ணெய் பதம். அந்தப் பதத்துல எண்ணெய் தடவின மரக்கட்டையால தடவித் தடவி வடிவத்துக்குக் கொண்டுவரணும். ஆறினதும் அரத்தால ராவணும். அந்தச் சூட்டுல ஈயம் அவ்வளவா ஆவியாகாது. அரம் ராவினா விழுறது சுருள் சுருளா கனமான துருவல், தரையில விழும், கூட்டி எடுத்துடலாம். குருநாதர் சொல்லிக்கொடுத்தது இதுதான், அது ஓரளவு பாதுகாப்பான முறை.

கிரைண்டர் வந்ததும் ரெண்டு நாள் வேலை ரெண்டு மணி நேரமாச்சு. துருவல் தூசியாச்சு, தூசி நுரையீரலுக்குள்ள போச்சு. சத்தம்னு அக்கம்பக்கத்துல சண்டை வந்ததால ஷட்டரையும் இறக்கிட்டார். இது போக, எழுபது வருஷத்துப் பெயிண்டைக் கேஸ் நெருப்புல எரிச்சு உரிக்கிறது. அந்தக் காலத்துப் பெயிண்ட், பிரைமர்லயும் ஈயம்.

மறுநாள் ரத்தத்தை எடுத்து ஸ்லைடுல நானே பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள்ள பொடிப் பொடியா நீலப் புள்ளிகள். ஈறுல நீலக்கோடு இருக்கான்னு பார்த்தேன், வெத்தலைக் கறையில ஒன்னும் தெரியல. ரத்தத்துல ஈய அளவு வெளியூர் லேபுக்குப் போய் வந்துச்சு: டெசிலிட்டருக்கு 68 மைக்ரோகிராம். பாதுகாப்பான அளவுன்னு ஒன்னு கிடையாதுங்கறது உலக சுகாதார நிறுவனம் சொல்றது.

அப்புறம் அக்கா கேட்டாங்க: "தம்பி, பேரன் ஸ்கூல் விட்டா நேரா ஷெட்டுக்குத்தான் போவான். அந்தக் கார்ல உக்காந்து ஸ்டீரிங் சுத்திக்கிட்டு இருப்பான். அவனுக்கு?"

பேரனுக்கு அஞ்சு வயசு. ராத்திரி தாத்தா நெஞ்சு மேலதான் தூங்குவான். வேலைச் சட்டையோட.

அவனுக்கு 14 வந்துச்சு. அமெரிக்காவுல குழந்தைகளுக்கு 3.5 தாண்டினாலே கவனிக்கணும்னு வச்சிருக்காங்க. பெரியவங்களை விடக் குழந்தை குடல் ஈயத்தை அதிகமா உறிஞ்சும், இரும்புச்சத்து குறைவா இருந்தா இன்னும் அதிகமா. அது போய் உக்காருறது வளர்ற மூளையில. வெளியில ஒன்னுமே தெரியாது. பையன் துருதுருன்னு இருந்தான், என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு ஸ்டீரிங் மாதிரி சுத்தினான்.

அண்ணன் அன்னைக்குத்தான் அழுதார். தனக்கு 68னு சொன்னப்ப "மாத்திரை கொடுங்க, வேலை முடிச்சிடுறேன்"னு சொன்ன மனுஷன்.

ஒரு சின்னக் கிளைக்கதை. இதே ஜெனரல் மோட்டார்ஸ் லேப்ல 1921ல தாமஸ் மிட்ஜ்லிங்கிறவர் பெட்ரோல்ல ஈயச் சேர்மம் கலந்தா எஞ்சின் தட்டாதுன்னு கண்டுபிடிச்சார். 1924ல அதைத் தயாரிச்ச நியூஜெர்சி ஆலையில அஞ்சு தொழிலாளிகள் புத்தி பேதலிச்சுச் செத்தாங்க. அப்புறமும் உலகம் பூரா பல பத்து வருஷம் அதை எரிச்சோம். இந்தியாவுல நிறுத்தினது 2000ல, கடைசி நாடான அல்ஜீரியா நிறுத்தினது 2021ல. வீட்டுப் பெயிண்ட்ல ஈயத்துக்கு 2017ல இருந்து நம்ம நாட்டுல வரம்பு இருக்கு. பாலக்கரை சந்துல பழைய செவர்லேயை உரிக்கிறவரை எந்த வரம்பும் காப்பாத்தாது.

வைத்தியம்னு பார்த்தா, ஈயத்தைக் கவ்வி சிறுநீர்ல வெளியேத்துற மருந்துகள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துக் கொடுத்தோம். ஆனா தூசி நிக்காம மருந்து மட்டும் கொடுக்கிறது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற வேலை. ரத்தத்துல இருக்கிறது ஒன்னு ரெண்டு மாசத்துல இறங்கும். எலும்புல போய் உக்காந்தது பல வருஷம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ரத்தத்துக்கு வரும். வெல்லம், வாழைப்பழம், பால் சாப்பிட்டா தூசி இறங்கிடும்னு பெயிண்டர்கள் எல்லாரும் நம்புறாங்க. இறங்காது. அழுக்குக் கையோட அந்தப் பழத்தை உரிச்சா இன்னும் கொஞ்சம் உள்ள போகும், அவ்வளவுதான்.

ஷெட்ல நாங்க மாத்தினது ரொம்பச் சாதாரணம். ஈயத்துக்குக் கிரைண்டர் கூடாது, பழையபடி அரம். பெயிண்டைச் சுட்டு உரிக்காம தண்ணி விட்டு வாட்டர் பேப்பர். துண்டுக்குப் பதிலா ஃபில்டர் வச்ச மாஸ்க். சாப்பாடு, டீ, வெத்தலை எல்லாம் கை மூஞ்சி கழுவிட்டு வெளியில. சட்டையை ஷெட்லயே மாத்திட்டு வீட்டுக்கு. அந்தச் சட்டையைத் தனியா துவைக்கணும். குழந்தை ஷெட் வாசல் தாண்டக் கூடாது.

ஓனர்கிட்ட நானே பேசினேன். நல்ல மனுஷன், பதறிட்டார். "பட்டியே வச்சுக்கோங்க டாக்டர், எனக்கு ஈயமே வேணாம்"னார். ஒத்துக்காதது அண்ணன்தான். "பாதி ஈயம் பாதி பட்டியா? நாளைக்கு வெடிப்பு விட்டா என் பேர்தான போவும்"னு மூணு மாச லீவுக்கு அப்புறம் அரத்தோட உக்காந்து, மீதித் தையலை ராவி முடிச்சார். கிரைண்டர்ல ரெண்டு மணி நேரம், அரத்துல அஞ்சு நாள். அந்த அஞ்சு நாள் கூலியை ஓனர் கேக்காமலேயே கொடுத்தார்.

போன மாசம் அண்ணனுக்கு 29, பேரனுக்கு 6. ஸ்பேனர் இப்ப நழுவலையாம். வண்டி லாரியில ஏறிப் போயிடுச்சு. கூரையில கையை வச்சுத் தடவிப் பார்த்தேன், எங்க ஒட்டுனதுன்னு எனக்குத் தெரியல.

ஷெட்ல பசங்க மூணு பேர் இருக்காங்க, மூத்தவனுக்கு இருபது. ரெண்டு வருஷமா அதே தூசியில நின்னவங்க. ரத்தம் எடுக்க வரச் சொன்னேன், காசு வேணாம்னும் சொன்னேன். ஒருத்தன் வந்தான். மத்த ரெண்டு பேரும், அளவு அதிகமா வந்தா வீட்டுல வேலைக்கு விட மாட்டாங்கன்னு வரல. சனிக்கிழமை சாயங்காலம் ஊசியை எடுத்துக்கிட்டு நானே ஷெட்டுக்குப் போறதா இருக்கேன். ஒரு பிளைமவுத் வந்திருக்குன்னு அண்ணன் சொன்னார்.