600 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்.

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று ஆறு மாதம் முன்பு யாராவது கேட்டிருந்தால், பொங்கல் வாழ்த்து அட்டை என்று சொல்லியிருப்பேன். இன்று அதில் இரண்டைப் பொருத்திய கம்ப்யூட்டருக்கு எத்தனை வாட் பவர் சப்ளை வேண்டும் என்று கணக்குப் போடும் அளவுக்குத் தேறிவிட்டேன். காரணம் என் பேத்தி.

இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிறாள். பழைய கையெழுத்தைப் படித்து அச்செழுத்தாக மாற்றுவதுதான் அவளுடைய புராஜெக்ட். ஒரு கார்டின் மெமரி போதவில்லை என்று, ஏற்கெனவே இருந்த ஆர்.டி.எக்ஸ். 3060 போலவே 12 ஜி.பி. கார்டு இன்னொன்றைப் பழையதாக வாங்கி வந்தாள்.

"எஸ்.எம்.பி.எஸ். மாத்த வேணாம் தாத்தா. 450 வாட் இருக்கு, ஒரு வருஷமா நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

என் அப்பா சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. பாதி தமிழ், பாதி பிரெஞ்சு. ஓய்வு பெற்றதும், 2009-ல், ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நடுவில் பவர் சப்ளை கெட்டது. முப்பது வருட கிளார்க் புத்தி, மூன்று கடையில் விலை கேட்டேன். குறைந்த கொட்டேஷன் 600 ரூபாய். அதையே வாங்கினேன். நாலாம் மாதம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

அசல்தான் பெட்டியில் இருக்கிறதே, மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. அந்த இரவு நம் புதுச்சேரிக்காரர்களுக்கு மறக்காது. ஓடு பறந்து, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, மை கரைந்துவிட்டது. தப்பியது பதினொரு கடிதம். பிரான்சில் இருக்கும் அக்காவிடம் "புயலில் போய்விட்டது" என்று மட்டும் சொன்னேன். 600 ரூபாய் கதையைச் சொல்லவில்லை.

இதைப் பேத்தியிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் பேசாமல் கேபினெட்டைத் திறந்தாள். பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளை இருவரும் படித்தோம். மேலே பெரிதாக 450 வாட். கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட், 30 ஆம்பியர்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் மிசியே பலகையில் எழுதிப் போட்ட சூத்திரம் நினைவுக்கு வந்தது. P = UI. பிரெஞ்சுக்காரர்களுக்கு வோல்டேஜ் U. "V தானே தாத்தா?" என்று பேத்தி திருத்தினாள். எழுத்து எதுவானாலும் விடை ஒன்றுதான். 12-ஐ 30-ஆல் பெருக்கினால் 360 வாட். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான் சாப்பிடுகின்றன.

அடுத்து ஒரு தாளில் செலவுக் கணக்கு எழுதினேன். கார்டு ஒன்றுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. பிராசஸர் 65 வாட் என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் கூடுதலாக இழுக்கும் என்பதால் 90. மதர்போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 490. ஒரு கார்டு இருந்தபோது 320 தான், அதனால்தான் ஒரு வருடம் ஓடியிருக்கிறது. ஓடியது என்பதற்காக இனியும் ஓடும் என்று அர்த்தமில்லை.

490-க்கு 500 வாட் வாங்கலாமா என்றால் அதுவும் கூடாது. கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுதியிருப்பதைவிட வெகு அதிகமாக இழுத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். ஆகவே 750 வாட் என்று முடிவு செய்தோம். பெட்டியில் 'கோல்டு' என்று போட்டிருப்பது மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதற்கான முத்திரை. அதிக கரண்ட் போனால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு கார்டுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் போக வேண்டும். ஒரே கேபிளின் இரண்டு தலைகளை இரண்டு கார்டிலும் செருகக் கூடாது. கழற்றி மாட்டும் கேபிள் என்றால், பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கும், எல்லாம் எரிந்துவிடும். மூன்றாவது யு.பி.எஸ். எங்கள் வீட்டு 600 வி.ஏ. யு.பி.எஸ். கொடுப்பது 360 வாட்தான். அதையும் மாற்றினோம்.

பவர் சப்ளை மட்டும் 8,000 ரூபாய்க்கு மேல் ஆனது. பென்ஷன் பணத்தில் கொடுத்தேன். இந்த முறை கொட்டேஷன் கேட்கவில்லை. கூடவே வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், ஒன்று மகன் வீட்டில் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் கடிதத்தைக் கொடுத்தோம். நான் பூதக்கண்ணாடி வைத்தும் பிடிபடாத ஒரு வரியைக் கம்ப்யூட்டர் படித்தது. இரண்டு வார்த்தை தப்பு, அதை நான் திருத்தினேன். பையன் நடக்க ஆரம்பித்துவிட்டானா என்று அப்பா கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டு 600 ரூபாய் கதையை முழுவதும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி விடுடா. பதினொன்று இருக்குதில்ல? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒண்ணு படிச்சுக் காட்டு" என்றாள்.

நாளை இரண்டாவது கடிதம்.