10 லட்சம் குழந்தைகளா, 72 வட்டாரங்களா?

எங்கள் வீராம்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ‘இன்னைக்குக் கடல் வருமானம் உண்டா?’ என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். 100 வீடு ஏறி இறங்கினாலும் ஒரே தகவலைத்தான் 100 தடவை கேட்டிருப்போம். கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், ‘எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது’ என்று மாணவர்களுக்குப் புரியவைக்க நான் சொன்ன உதாரணம் இது.

அந்தப் பாடம் சமீபத்தில் வீட்டு வாசலுக்கே வந்தது. ஒன்பது மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மருமகள் வந்து நின்றாள்.

“டீச்சரம்மா, பிள்ளைக்குத் தட்டம்மை ஊசியோட வைட்டமின் ஏ மருந்தும் குடுக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஆனா, பத்து லட்சம் பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பாத்து, ஒரு பிரயோசனமும் இல்லைனு நிரூபிச்சிட்டாங்கனு போன்ல மெசேஜ் வந்திருக்கு. அவரு வேணாங்கறாரு. என்ன பண்றது?”

அந்த ஆய்வு உண்மையானதுதான். உத்தரப்பிரதேசத்தில் நடந்தது, 2013-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. குழந்தைகள் சுமார் 10 லட்சம் பேர். ஆனால், மருந்து யாருக்கு என்று குழந்தை குழந்தையாகக் குலுக்கிப் போடவில்லை. வட்டாரம் வட்டாரமாகப் போட்டார்கள். மொத்தம் 72 வட்டாரங்கள். 36-ல் மருந்து உண்டு, 36-ல் இல்லை. ஒரே வட்டாரத்துக் குழந்தைகளுக்குத் தண்ணீர், சாப்பாடு, வைத்திய வசதி எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆக, ஒப்பிட்டது 72 வட்டாரங்களை. 10 லட்சத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டிருந்தால், இல்லாத துல்லியம் இருப்பதுபோலத் தெரியும். குழந்தை, அங்கன்வாடி, வட்டாரம் என்று படிப்படியாகப் பிரித்துக் கணக்கிடும் முறைக்குத்தான் ‘மல்டிலெவல் மாடல்’ என்று பெயர்.

முடிவு என்ன? மருந்து கொடுக்காத இடத்தில் 100 குழந்தைகள் இறந்தால், கொடுத்த இடத்தில் 96. ‘கான்ஃபிடென்ஸ் இன்டர்வெல்’ 89 முதல் 103 வரை. அதாவது, இறப்பு 11 சதவிகிதம் குறைந்திருக்கலாம். 3 சதவிகிதம் கூடியும் இருக்கலாம். இரண்டுக்குமே இந்தக் கணக்கில் இடமிருக்கிறது.

இந்த இன்டர்வெல்லை ஒரு வலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே முறையில் 100 தடவை வீசினால், சுமார் 95 தடவை உண்மை என்ற மீன் உள்ளே இருக்கும். நம் கையில் இருப்பது அதில் ஒரு வீச்சு மட்டுமே.

‘பி’ மதிப்பு 0.22. மருந்தால் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகவே 100-க்கு 22 தடவை வரும் என்று அர்த்தம். இதைத்தான் ‘சிக்னிஃபிகன்ட் இல்லை’ என்பார்கள். ‘பலன் இருப்பது உறுதிப்படவில்லை’ என்பது ஒன்று. ‘பலன் இல்லை என்று நிரூபித்துவிட்டார்கள்’ என்பது வேறு. மெசேஜ் எழுதியவர் முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிட்டார்.

நம் பக்கத்திலேயே இன்னொரு ஆய்வும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லா உள்ளிட்டோர் நடத்தி, 1990-ல் வெளியிட்டது. 206 பகுதிகள், 15,419 குழந்தைகள், வாரா வாரம் சிறிய அளவு வைட்டமின் ஏ. அங்கே 100 இறப்புக்கு 46தான். இன்டர்வெல் 30 முதல் 71 வரை. வலையின் மேல்முனையில் பார்த்தாலும் நல்ல குறைவு.

இரண்டு ஆய்வுகளின் இன்டர்வெல்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. மருந்தின் அளவு வேறு, கொடுத்த முறை வேறு, ஊர் வேறு, காலம் வேறு. ஓர் ஊரின் விடையை அப்படியே தூக்கி இன்னோர் ஊருக்குப் பொருத்த முடியாது. உத்தரப்பிரதேச ஆய்வையும் முந்தைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இறப்பு 11 சதவிகிதம் குறைவு. இன்டர்வெல் 5 முதல் 16 சதவிகிதம். அதே உத்தரப்பிரதேசத்தில், இந்தச் சத்துக் குறைவால் கண்ணில் விழும் வெண்திட்டு, மருந்து இல்லாத பக்கம் 3.5 சதவிகிதம், மருந்து கொடுத்த பக்கம் 1.4 சதவிகிதம். மெசேஜில் இது இல்லவே இல்லை.

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை. “பலன் இல்லைனு யாரும் நிரூபிக்கலம்மா. கண்ணுக்கு நல்லதுனு அதே ஆய்வுலயே இருக்கு. உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போய் நர்ஸம்மாகிட்டயே கேளு” என்றேன். கணவனும் மனைவியுமாகப் போய்க் கேட்டுவிட்டு, மருந்து கொடுத்துக்கொண்டு வந்தார்கள்.

உங்கள் போனுக்கும் இப்படி மெசேஜ்கள் வரும். ‘எத்தனை லட்சம் பேர்’ என்பதோடு நிறுத்தாமல், எத்தனை ஊர், வலையின் இரண்டு முனையும் எங்கே, எந்த ஊர்க் கதை என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்கும்வரை, பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்தை நிறுத்தாதீர்கள்.