விலை போகாத மீன்

காஞ்சிபுரத்துக்காரனுக்குப் பட்டும் கோயில் இட்லியும் போதாதா, கடல் மீன் எதற்கு என்று கேட்பீர்கள். மாமல்லபுரம் நமக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தானே! அங்கே கடலோரப் பாறைகளில், கடல் உள்வாங்கும் நேரத்தில், குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் பெரிய குளத்தை எதிர்பார்க்காதீர்கள், அண்டா அளவுதான். அதற்குள் விரல் நீள மீன்கள்.

போன மாசியில் பேரன் ஒன்றைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, "இது என்ன மீன் தாத்தா?" என்றான். பக்கத்தில் வலைச் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த பெரியவரைக் கேட்டோம். "விலை போகாத மீனுக்குப் பேர் எதுக்கு சார்?" என்று சிரித்தார்.

நிறத்தை நம்பக் கூடாது. பாறைக்கேற்ற பழுப்பில்தான் இவை எல்லாமே இருக்கும். கோர்வைச் சேலை வாங்கும்போது திருப்பி உள்பக்கம் பார்ப்போமே, அதுபோல மீனையும் அடியில் பார்க்க வேண்டும். பாட்டிலைத் தூக்கிக் கீழிருந்து பார்த்தோம். அடித்துடுப்பு இரண்டும் சேர்ந்து கிண்ணம் போலக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உளுவை இனம். அதற்கு முதுகுத்துடுப்பும் இரண்டாகப் பிரிந்திருக்கும். எங்கள் மீனுக்குக் கிண்ணம் இல்லை. தொண்டைக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு. முதுகுத்துடுப்பு தலையிலிருந்து வால் வரை ஒரே நீளம். செதில் கிடையாது, உடம்பெல்லாம் வழவழப்பு. ஆக, பிளென்னி குடும்பம்.

பிரெஞ்சில் இதை 'பவேஸ்' என்பார்கள். எச்சில் ஒழுகவிடுபவள் என்று அர்த்தம்! குமாஸ்தா உத்தியோகத்தில் ஒரு நாளும் உதவாத என் பிரெஞ்சு, இப்போதுதான் கூவியேயும் வலான்சியேனும் எழுதிய மீன் வரலாற்றைப் புரட்ட உதவுகிறது. 1828 முதல் 1849 வரை வந்த 22 தொகுதிகள். 1832இல் கூவியே காலமான பிறகு வலான்சியேன் தனியாகத் தொடர்ந்தார். 1836இல் வந்த 11ஆம் தொகுதியில், துசூமியே என்ற கப்பல் வியாபாரி மலபாரிலிருந்து கொண்டுபோன இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார். மீன் நம்முடையது, பெயர் வியாபாரியுடையது.

எங்கள் மீன் அதுவேதானா, வேறு வகையா என்று தீர்மானிக்கத் துடுப்பை விரித்து, பூதக்கண்ணாடியில் முள்ளையும் கதிரையும் எண்ண வேண்டும். துள்ளுகிற மீனில் அது நடக்காது. ஸ்பிரிட்டில் போட்டால் நடக்கும். துசூமியேயின் மீன்கள் அப்படித்தான் பாரிஸ் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தன. பேரனிடம் இதை ஒளிக்காமல் சொன்னேன். பாட்டில் தண்ணீர் வெயிலில் சுட ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். "குடும்பப் பேர் போதும் தாத்தா" என்று பிடித்த குழியிலேயே கவிழ்த்தான். அது அங்கே நிற்கவில்லை. ஈரப் பாறையில் ஏறி, வரதர் கோயில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, ஒரே துள்ளலில் அடுத்த குழிக்குப் போய்விட்டது.

பெரியவர் வலையிலிருந்து நிமிரவே இல்லை. "அது அப்படித்தான் சார், கல்லுக்குக் கல்லு தாவும்" என்றார்.