வண்ணத்துப்பூச்சியும் தென்னம்பிள்ளையும்

மலை எரிகிறது! ஆனால் புகை இல்லை, ஓசை இல்லை, வெப்பமும் இல்லை. கணவனையும் குழந்தைகளையும் மறந்து வேறொருவனைக் காண மலையேறிய இளம்பெண், அந்தக் குளிர்ந்த நெருப்பைக் கண்டு திகைக்கிறாள், திரும்புகிறாள். ஊர் என்ன சொல்லிற்று தெரியுமோ? ஆண்டவன் அவளுக்குக் காட்சி கொடுத்தானாம்! அமெரிக்காவிலும் இந்தக் கூத்துத்தானா என்று நகைத்தபடிதான் படிக்கத் தொடங்கினோம்.

பார்பரா கிங்சால்வர் எனும் அம்மையார் 2012இல் வெளியிட்ட 'ஃப்ளைட் பிஹேவியர்' என்ற புதினம் அது. உயிரியல் பயின்றவர் அவர். நெருப்பாகத் தெரிந்தவை மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள். மெக்சிகோவின் மிச்சோவகான் மலைகளில் குளிர்காலம் கழிப்பவை, கதையிலே டென்னசிக்கு வழிதவறி வருகின்றன. ஆராய வந்த அறிஞர் அற்புதம் என்று ஆர்ப்பரிக்கவில்லை. உலகு வெப்பமுறுவதன் நோய்க்குறி இது, உறைபனி இறங்கினால் அத்தனையும் மடியும் என்கிறார். மெக்சிகோவில் மலை சரிந்து வீடிழந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தியும் வருகிறாள். பூச்சிகள் புனைவு, அந்தச் சரிவு புனைவன்று, 2010இல் அங்கங்கேயோ எனும் ஊரில் நேர்ந்தது.

நகைப்பு நின்றது எங்கே? பதினேழு வயதில், வயிற்றிலிருந்த குழந்தைக்காகவே மணம் முடித்தவள் அவள். அந்தக் குழந்தை தங்கவில்லை, திருமணம் தங்கிற்று. அதைப் படித்ததும் நூலை மூடினோம். நம் வீட்டிலும் 'பிள்ளை' என்ற சொல் புண்ணாகக் கிடக்கிறதே!

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்தது. தந்தையார் வைத்த தென்னம்பிள்ளைகள் ஓரிரவில் சாய்ந்தன. மறு ஆண்டு அவரும் சாய்ந்தார். "தெய்வக் குத்தம் தம்பி, குலதெய்வத்துக்கு மூணு வருசமா ஒண்ணும் செய்யல" என்றார் அம்மா. மேடையில் பேசும் குரலிலேயே விடை பகர்ந்தோம். தொழில் தொடங்கிய காலத்தினும் புவி ஏறத்தாழ 1.1 டிகிரி வெப்பமுற்றதையும், சூடேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுவதையும் விரித்துரைத்தோம். அருகிருந்த பெரியவர், "1952லயும் இதே பக்கம் புயல் அடிச்சுதே, அப்ப எது சூடாச்சு?" என்றார். நல்ல கேள்வி! ஒரு புயலை மட்டும் காட்டி, காரணம் இதுவே என்று அறுதியிட அறிவியலும் ஒப்பாது. அதை ஒப்புக்கொள்ளும் நேர்மை அன்று நமக்கு இல்லை. கணவனை இழந்தவர் முன் வாதத்தில் வெல்ல நின்றோம்; வென்றோம் என்றும் எண்ணினோம். அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

கதையின் அறிஞரும் உண்மையைக் குறைத்துச் சொன்னாரில்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தம்முடன் எண்ண வைத்தார், எடைபோட வைத்தார், வேலையிலே பங்கு கொடுத்தார். நாமோ உரை மட்டுமே கொடுத்தோம்.

சென்ற மாதம் ஊர் சென்று, அம்மாவுடன் கன்றுகளுக்கு நீர் ஊற்றியபடி இக்கதையைச் சொன்னோம். குறுக்கிடாமல் கேட்டார். குலதெய்வத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

"அந்தப் பூச்சியெல்லாம் பொழைச்சுதா தம்பி?"

"எல்லாம் இல்லை அம்மா. கொஞ்சம் பறந்தன."

குடத்தை நம்மிடம் நீட்டினார். இன்னும் இரண்டு வரிசை மீதமிருந்தது.